ஒரே நாளில் பாரிஸ்: போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் அம்மாவை பாரிஸுக்கு அழைத்துப்போய் அன்றிரவே திரும்ப வேண்டும். அம்மாவுக்கு ஷெங்கன் விசா கிடைத்துவிட்டது. பயணம் சுமார் இரண்டேகால் மணி நேரம்தான். ஆனால் பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் காலைப்பொழுதில் பாதி ரயிலிலேயே கரைந்துவிடும்.

செவ்வாயன்று லூவர் அருங்காட்சியகம் விடுமுறை. எனக்கு வருத்தமில்லை, அந்தக் கூட்டத்தை அம்மாவின் முழங்கால் தாங்காது. யூரோஸ்டார் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற நகர ரயிலில் சென் மிஷேல் நிலையம் போய், 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் தேவாலயத்தை முதலில் பார்க்கலாமென்று நினைக்கிறேன். சென் மிஷேலில் படிகள் அதிகமா? தேவாலயத்துக்கு முன்பதிவின்றிப் போனால் வரிசை எவ்வளவு நீளும்?

பிறகு ஈஃபிள் கோபுரத்தில் ஏறுவதா, சேன் நதிப் படகிலிருந்து பார்த்தால் போதுமா? படகு போதும் என்பது என் கட்சி. முழங்கால் வலியோடு, உச்சிவரை ஏறியே தீருவேன் என்கிறார் அம்மா!

சாப்பாட்டுக்குக் கவலையில்லை; நிலையத்துக்குப் பக்கத்திலேயே லா ஷப்பெல்லில் ஈழத்தமிழர் உணவகங்கள் இருக்கின்றன. மாலையில் பாஸ்போர்ட் சோதனைக்கு எவ்வளவு நேரம் முன்னதாக வந்தால் பதற்றமின்றி ரயில் ஏறலாம்?