மங்கிய பட்டன்: ஏன் அழுத்த முடியவில்லை என்று எப்படிக் காட்டுவது?

கேள்வி – கீற்று:
வணக்கம். ஒரு நூலகத்துக்கு உறுப்பினர் புதுப்பிப்புப் படிவம் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாக் கட்டமும் சரியாக நிரம்பும் வரை ‘சமர்ப்பி’ பட்டன் சாம்பல் நிறத்தில் டிஸேபிள் ஆகியிருக்கும். நேற்று ஒரு அம்மா நேரிலேயே வந்து போனை நீட்டினார். எல்லாம் நிரப்பியிருக்கிறார், பட்டன் மட்டும் மங்கலாகவே நிற்கிறது. பத்து நிமிஷம் தேடிய பிறகுதான் தெரிந்தது: கைப்பேசி எண்ணில் ஐந்து இலக்கத்துக்கு அப்புறம் ஓர் இடைவெளி. காரணம் சொல்லும் டூல்டிப் (சிறு குறிப்புப் பெட்டி) போட்டும் பார்த்தேன், போனில் வரவில்லை. என்ன செய்யலாம்?

திண்ணைவாசி:
முதலில் அந்த இடைவெளியை உங்கள் நிரலே நீக்கட்டும். முன்னால் +91 இருந்தாலும் ஏற்கட்டும். அந்த அம்மா மேல் தப்பே இல்லை. பட்டனை எப்போதும் அழுத்தும்படி விடுங்கள். அழுத்தியதும் குறையுள்ள கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோய், அதன் கீழேயே காரணத்தை எழுதுங்கள். டூல்டிப் மவுஸை மேலே வைத்தால் தோன்றுவது. விரலால் தொடும் திரையில் அதற்கு வழி ஏது?

நெசவு:
பக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் பட்டனுக்கு டிஸேபிள்ட் என்று போட்டால் டேப் விசை அந்தப் பட்டனைத் தாண்டிப் போய்விடும். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானோடு டேப் அழுத்தி வருபவருக்கு அப்படியொரு பட்டன் இருப்பதே தெரியாமல் போகலாம். மங்கலாகக் காட்டியே ஆக வேண்டுமென்றால் அதற்குப் பதில் ஏரியா-டிஸேபிள்ட் (aria-disabled) போடுங்கள். டேப் அழுத்தினால் அந்தப் பட்டனுக்கு ஃபோகஸ் வரும், ஆனால் கிளிக்கை ஜாவாஸ்கிரிப்டில் நீங்கள்தான் தடுக்க வேண்டும். நிறத்தையும் கவனியுங்கள். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி விதிப்படி சாதாரண எழுத்துக்குப் பின்னணியோடு 4.5:1 மாறுபாடு வேண்டும், செயலிழந்த பட்டனுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று வெள்ளையில் வெளிர்சாம்பல் வைத்தால் வெயிலில் போன் பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

திண்ணைவாசி:
மங்கலாக்குவதே தப்பு என்று சொல்லவில்லை. 1984 மேக்கின்டாஷ் மெனுவிலேயே அது உண்டு. எதையும் நகலெடுக்காதபோது ‘ஒட்டு’ மங்கி நின்றால் காரணம் தானாகப் புரியும், இடமும் மாறாது. உங்கள் படிவத்தில் காரணம் புரியவில்லை, அதுதான் சிக்கல்.

கீற்று:
சரி, மாற்றிவிட்டேன், நன்றி. இன்னொன்று: உறுப்பினர் எண்ணை யாரும் திருத்தக் கூடாதென்று அந்தக் கட்டத்தையும் டிஸேபிள் செய்திருந்தேன். சர்வருக்கு அது வரவே இல்லை.

நெசவு:
டிஸேபிள்ட் கட்டத்தில் இருப்பது படிவத்தோடு போகாது. ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) போடுங்கள், போகும். ஆனால் பிரவுசரிலேயே அதை எடுத்துவிட்டு எண்ணை மாற்ற முடியும், அதனால் சர்வரிலும் சரிபாருங்கள்.