புதுப்பிப்பு: காலடிப்பேட்டைக் கடைகளுக்கு கரண்ட் வந்துவிட்டது

சென்னை காலடிப்பேட்டையில் நான் கட்டிய ஆறு கடைகளுக்கு மின் இணைப்பு கிடைக்கவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

தப்பு என்னுடையதுதான். வரைபடத்தில் வண்டி நிறுத்தக் காட்டிய இடத்தில், ஆசைப்பட்டு ஏழாவதாக ஒரு கடையை எழுப்பியிருந்தேன். வரைபடப்படி கட்டியிருப்பதாகத் தரும் பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் என் கடைக் கட்டடத்துக்கு இணைப்பு தரவில்லை; சின்ன வீடுகளுக்கு அதில் விலக்கு உண்டு. கடைசியில் ஷட்டரைக் கழற்றிவிட்டு இடித்தேன். என்னைவிடக் கொத்தனார்தான் அதிகம் வருத்தப்பட்டார், அவர் வைத்த சுவராச்சே.

சரி, சான்றிதழ் வந்தது, மீட்டரும் வந்தது. 2021இல் மெட்ரோ வந்ததை நம்பித்தான் வாடகைக் கணக்குப் போட்டிருந்தேன். ரயில் மேலே போகிறது. இரண்டு தெரு உள்ளே இருக்கும் என் கடைகளை, வாடகைக்கு வருகிறவர்கள் பழைய வாடகைக்குத்தான் கேட்கிறார்கள். இதுவரை ஒரு மருந்துக்கடை, ஒரு மாவு மில். மற்ற நாலும் காலி.