பிரிண்ட் கைக்கு வந்தபோது தெரிந்தது: உங்கள் கேமரா செட்டிங் அனுபவங்கள் (தலைப்புகள் எழுதியவர்களின் புனைபெயர்கள்)

திண்ணைப்படம்
அப்பாவின் நல்ல படம் என்று வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. 2009 பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்து சிரித்தார், எடுத்தேன். 10 மெகாபிக்சல் கேமரா. கார்டு நிறைந்துவிடுமோ என்ற பயத்தில் அளவை ‘எஸ்’ (சின்னது), தரத்தை ‘பேசிக்’ (அதிகம் சுருக்குவது) என்று வைத்திருந்தேன்.

அவர் போனபின் மாலை போடுவதற்காக 12-க்கு 18 இன்ச்சில் பிரிண்ட் கேட்டேன். லேபில் சுருளைப் பிரித்து மேஜையில் வைத்தார்கள். கண்ணுக்குக் கீழே, மூக்கோரத்தில், மீசை நுனியில் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். கேமரா படத்தைச் சேமிக்கும் ஜேபெக் முறை, படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. ‘எஸ்’ஸில் நீளப் பக்கத்துக்குக் கிடைத்த 1936 பிக்சலை 18 இன்ச்சுக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 107 தான் தேறும். ‘எல்’ (பெரியது) வைத்திருந்தால் 3872 கிடைத்திருக்கும். அன்றைக்குக் கார்டில் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது. அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

அரக்குப்பட்டு
எனக்கு நிறத்தில் அடி. தங்கை வரவேற்புக்கு அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்தாள். கேமராவில் கலர் ஸ்பேஸை, அதாவது படம் பதியும் நிற வரம்பை, ‘அடோபி ஆர்ஜிபி’ என்று வைத்திருந்தேன், அதில் நிறங்கள் அதிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. ஆல்பம் வந்தது. பத்து முறை துவைத்த புடவை மாதிரி இருந்தது. தங்கை ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினாள். அதே ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரம்புக்கு மாற்றி இன்னொரு லேபில் கொடுத்தேன், அரக்கு அரக்காகவே வந்தது. பெரும்பாலான லேப்கள் எஸ்ஆர்ஜிபி என்று வைத்துக்கொண்டுதான் அடிக்கின்றன.

மேக்ஸி சைஸ்
என் கதை சின்னது. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் குடும்பப் படம், போனைப் படுக்கவைத்து எடுத்தது. போன் படத்தின் அகல உயர விகிதம் 4-க்கு 3, மேக்ஸி பேப்பர் 6-க்கு 4 இன்ச். உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்பட்டு, பின்வரிசைச் சித்தப்பா நெற்றியோடு நின்றுவிட்டார். தலைக்கு மேல் இடம் விட்டு எடுங்கள்.

திண்ணைப்படம் அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம். மேக்ஸிக்கு 1800 பிக்சல் இருந்தாலே இன்ச்சுக்கு 300 வந்துவிடும். பெரிய படத்தை நாலடி தள்ளி நின்று பார்ப்பதால் 150 கூடப் போதும். உங்கள் படத்தைக் கெடுத்தது ‘எஸ்’ மட்டும் இல்லை, ‘பேசிக்’கும்தான். அப்புறம் எல்லாருக்கும்: ஃபைலில் 72 டிபிஐ (இன்ச்சுக்கு இத்தனை புள்ளி) என்று இருந்தால் பயப்படாதீர்கள், அது வெறும் குறிப்பு. பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள். லேபுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்துத் திருத்தினால் பிரிண்ட் இருண்டு வரும், பாதிக்குக் குறையுங்கள். ஷார்ப்னஸைக் கேமராவில் ஏற்றாதீர்கள், முடி கம்பியாகிவிடும். பெரிய பிரிண்டுக்கு முன் முகத்தை மட்டும் அதே அளவில் வெட்டி ஒரு மேக்ஸி போட்டுப் பாருங்கள்.

மண்டப வெளிச்சம்
மேலே 150 போதும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மாலை போட்ட படத்தை யாரும் நாலடி தள்ளி நின்று பார்ப்பதில்லை. கிட்டப் போய்த்தான் பொட்டு வைக்கிறோம்.

நான் மாட்டியது ஒயிட் பேலன்ஸில், வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங் அது. தாலி கட்டும்போது வீடியோ லைட் மஞ்சள், ஜன்னல் பக்கம் நீலம், ‘ஆட்டோ’ படத்துக்குப் படம் மாறிக்கொண்டே இருந்தது. 12-க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட்டில் பக்கத்துப் பக்கத்துப் படங்களில் பெண்ணுக்கு இரண்டு நிற முகம். கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் ‘ரா’ ஃபைலாக எடுத்திருந்தால் பிறகு சரிசெய்திருக்கலாம்.

திண்ணைப்படம்
மேக்ஸி சைஸ் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதே ஃபைலை மேக்ஸியில் போட்டேன். இன்ச்சுக்கு 322 வருகிறது. சதுரம் ஒன்றுகூடத் தெரியவில்லை, மீசை மீசையாக இருக்கிறது. பெரிய படம் சுவரில் இருக்கிறது. இதை அம்மா கந்தசஷ்டி கவசப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டுவிட்டார்.