ஃபைபர் கூரை போட்ட 1998 ஜிப்சிக்குக் கேரியர்: வாங்குவதா, கட்டுவதா?

அல்சூர் ஜிப்சி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998-ஆம் ஆண்டின் மாருதி ஜிப்சி கிங். கான்வாஸ் கூரையோடு வந்த வண்டி. எனக்கு முன் வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டு ஃபைபர் கூரை போட்டிருக்கிறார். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தவரை பின்னிருக்கையின் பாதியில் பைகளை அடுக்கிக்கொண்டு திம்பம், கொல்லிமலை என்று பெங்களூரு அல்சூரிலிருந்து கிளம்பிவிடுவோம். இப்போது மூத்தவளுக்கு 13 வயது; அவள் காலை நீட்டவே இடம் போதவில்லை. ஆகவே சாமான்கள் கூரைக்கு ஏறியாக வேண்டும்.

ஜே.சி. ரோட்டுக் கடை ஒன்றில் ஆயத்தமாக விற்கும் இரும்புக் கேரியரைப் பார்த்தேன். நான்கு கால்களையும் கூரையிலேயே துளையிட்டுப் போல்ட் போட்டுத் தருவதாகவும், இரண்டு ஆள் ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றும் கடைக்காரர் சொன்னார். அந்த உறுதிதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஏனென்றால், பழைய உரிமையாளர் ஆன்டெனாவுக்காகப் போட்ட ஒரு சிறு துளையைச் சுற்றியே சிலந்திவலை போல விரிசல் ஓடியிருக்கிறது. பீன்யாவில் ஒரு பட்டறையில் கொடுத்துப் புதிதாகக் கட்டுவது நல்லதா? கட்டினால் எந்தக் குழாய், எத்தனை கால், எங்கே பிடிக்க வேண்டும்? வண்டிக்குள் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆட்களைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பீன்யா பட்டறை:

கடைசி வாக்கியத்தை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். முழு விடையும் அதில்தான் இருக்கிறது.

அம்பாசடர், டாடா சுமோ போன்ற வண்டிகளில் கூரையின் இரு ஓரங்களிலும் மழைநீர் வழியத் தகரக் காடி ஒன்று ஓடும். கேரியரின் கால்கள் அந்தக் காடியைக் கவ்விக்கொள்வதால், எடை கூரைத் தகட்டின் நடுவில் இறங்காமல் பக்கத்துத் தூண்கள் வழியாகப் பாடிக்குப் போய்விடும். உங்கள் ஃபைபர் கூரை மழையையும் வெயிலையும் தடுக்கும் மூடி, அவ்வளவே. அதில் நேராகப் போல்ட்டை முறுக்கினால், சக்கரம் குழியில் விழும் ஒவ்வொரு முறையும் கேரியரின் கால் துளையின் விளிம்பைக் கிள்ளும். நீங்கள் பார்த்த சிலந்திவலை ஓர் ஆன்டெனாவின் ஆட்டத்துக்கே வந்தது என்றால், மேலே 50 கிலோ ஆடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே கேரியர் ரோல் கேஜின் மேல் உட்கார வேண்டும். கூரை இடையில் சும்மா இருக்க வேண்டும். கேஜின் மேற்குழாய்களில் ஆறு இடங்களில் 6 மி.மீ. பட்டை வைத்து வெல்டிங் செய்து, அவற்றுக்கு நேர் மேலே கூரையில் துளையிடுங்கள். ஒவ்வொரு துளையிலும் கனமான குழாய்த் துண்டு ஒன்றைச் செருக வேண்டும். அதன் கீழ்முனை பட்டையில் நிற்கும், மேல்முனை ஃபைபரைவிட ஒரு நூலளவு உயரமாக இருக்கும். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுக்கம் இந்தத் துண்டின் மேல்தான் விழும், ஃபைபர் நசுங்காது. சுற்றிலும் உள்ள இடைவெளியை ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் அடைத்துவிடும். முன் கால்களை முன்கண்ணாடிச் சட்டத்தில் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கான்வாஸ் ஜிப்சியில் அந்தச் சட்டம் முன்பக்கம் மடிவதற்காகச் செய்யப்பட்டது, சுமை தாங்குவதற்காக அல்ல.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, கேஜின் பாதங்கள் தரைத் தகட்டில் எப்படி நிற்கின்றன என்று கவனியுங்கள். அடியில் கனத்த பின்தகடு இல்லாமல் வெறும் வாஷர் மட்டும் இருந்தால், அந்தக் கேஜ் அழகுக்குப் போட்டது.

குழாயைப் பொறுத்தவரை 25 மி.மீ. சதுரக் குழாய், 16 கேஜ் (இது கன அளவின் எண்) அதாவது 1.6 மி.மீ. கனம் போதும். மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ வரும். 20 மீட்டர் போனால் 24 கிலோ. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம், வெல்டிங்கில் துத்தநாகப் புகை கிளம்பும். கறுப்புக் குழாயில் கட்டி, பிறகு பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள். குழாய் முனைகளைக் கட்டாயம் மூடுங்கள். நான் எனக்காகக் கட்டிய முதல் கேரியரில் அதை மறந்துவிட்டேன். ஓசூர் போய்ச் சேரும்வரை தலைக்கு மேல் யாரோ புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே வந்தார்கள்.

நெடும்பயணி:

மேலே சொன்ன பிடிமானம் முற்றிலும் சரி. ஆனால் கேரியரையே அலுமினியத்தில் செய்யலாமே! ஒரே அளவுக் குழாயாக எடுத்தால் அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு எடைதான்; விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே குழாயின் உயரத்தைக் கூட்ட வேண்டும். 40 மி.மீ. உயரம், 25 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம் உள்ள அலுமினியக் குழாய், ஐயா சொன்ன இரும்புக் குழாயைவிட அதிக விறைப்போடு இருந்தும் மீட்டருக்கு 660 கிராம்தான் வரும்.

வெல்டிங் மட்டும் செய்யாதீர்கள். 6061 டி6 போன்ற உலோகக் கலவையின் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது; வெல்டிங் சூட்டில் இணைப்பின் ஓரம் அந்த வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். எல்லா இணைப்பையும் போல்ட்டில் வைத்துக்கொண்டு, இரும்பு தொடும் இடங்களில் நைலான் வாஷர் இடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டு வரும்.

இரண்டாம் கியர்:

நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜிப்சி ஒரு டன் அளவே எடையுள்ள, இடது, வலது சக்கரங்களின் இடைவெளி ஏறத்தாழ 1.3 மீட்டரே உள்ள, உயரமான வண்டி. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கேரியரும் சாமானுமாக 80 கிலோவை 1.95 மீட்டர் உயரத்தில் ஏற்றியதும் அந்த மையம் கிட்டத்தட்ட 9 செ.மீ. மேலே போய்விடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த 9 செ.மீ. உங்களுக்குத் தெரியும். முதலில் சாமானை எடை போட்டுப் பாருங்கள். தண்ணீர், அடுப்பு, ஜாக்கி ஆகியவை கீழேதான் இருக்க வேண்டும். பெட்ரோல் கேனைக் கூரையில் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் தந்த விவரக்குறிப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விழலாம். கழற்றத்தக்க கேரியரை ஓர் அதிகாரி சாமான் தாங்கி என்று விடுவார், இன்னொருவர் மாற்றம் என்று எழுதுவார். உங்கள் வண்டி 15 ஆண்டைத் தாண்டியதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன் நிறுத்தியாக வேண்டும். அன்று ஸ்பேனரால் அரை மணியில் இறங்கும் கேரியராக இருக்கட்டும். உண்மையில் கேரியரைவிட அந்த ஃபைபர் கூரையே பெரிய கேள்வி; ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) பாடி வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அல்சூர் ஜிப்சி:

மூவருக்கும் நன்றி. ஞாயிறு முழுவதும் இதிலேயே போயிற்று.

தராசு வைத்து எடை போட்டோம். மொத்தம் 52 கிலோ. கீழே வைக்க வேண்டியவற்றைப் பிரித்த பிறகு கூரைக்குப் போவது துணிப்பைகள், கூடாரம், மடக்கு நாற்காலிகள் மட்டும், 29 கிலோ. இந்த எடைக்கு 24 கிலோ இரும்பு எதற்கு என்று மனைவி கேட்டாள், பதில் இல்லை. 16 மீட்டர் அலுமினியக் குழாயில் சுமார் 11 கிலோவில் முடித்துக்கொள்கிறேன்.

தரைவிரிப்பைத் தூக்கியதும் பட்டறை ஐயா சொன்னது தெரிந்தது. கேஜின் முன்பாதங்களுக்குப் பின்தகடு இருக்கிறது. பின்பாதங்கள் இரண்டும் வெறும் வாஷரில் நிற்கின்றன, ஒன்றைச் சுற்றித் தகடு சற்றே குழிந்திருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே மற்ற வேலை. ஆர்.சி.யில் கான்வாஸ் கூரை என்றுதான் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒருவரிடம் விசாரிக்க வேண்டும். அட்டைப் பெட்டியை வைத்து உயரம் பார்த்தேன், 2.03 மீட்டர் வருகிறது. எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட் வாயிலில் 2.1 மீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். நுழையும்.

பீன்யா பட்டறை:

நுழையும், ஆனால் நாற்காலியைக் கட்டிய பிறகு நுழையாது. வண்டியை வெளியே நிறுத்திச் சாமானை ஏற்றுங்கள். குழிந்த தகட்டின் அடியில் குறைந்தது 100 மி.மீ. சதுரத்தில் 4 மி.மீ. தகடு வையுங்கள். கேரியரை மாட்டியதும் ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள்; முதல் 100 கி.மீ. ஓடியதும் எந்தக் கோடு விலகியிருக்கிறதோ அந்த நட்டை மறுபடி முறுக்கினால் போதும்.