பறவைக் குழுவில் அட்மின் எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?

குளக்கட்டு (கிளிநொச்சி):

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், பொழுதுபோக்குக்குப் பறவை பார்ப்பேன். நாலு பேராகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் இப்போது 212 பேர். அட்மின் நான் ஒருவன்தான். கொக்கா நாரையா என்று விடிய விடியச் சண்டை பிடிப்பார்கள், நான் தலையிட்டதே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும்.

போன மாதம் ஒருவர் இரணைமடுக் குளத்துக்குக் கிழக்கே ஆட்காட்டிக் குருவியின் முட்டையைப் படமெடுத்து, இடத்தையும் வரைபடத்தில் குறித்துப் போட்டுவிட்டார். ஆட்காட்டிக்குக் கூடென்று ஒன்றில்லை. வெறும் நிலத்தில் சின்னக் குழி, மண் நிறத்தில் நாலு முட்டை. ஞாயிறன்று ஏழெட்டுப் பேர் கமராவோடு போயிருக்கிறார்கள். குருவி தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது, முட்டையில் இறங்கவே இல்லை. முட்டை பட்டப்பகல் வெயிலில் காய்ந்தது. மறுநாள் போனேன், ஓடுகூட இல்லை. நாயோ காகமோ தெரியாது.

அதைவிடப் பயம் அடுத்தது. கடல்நீரேரிக்குக் குறுக்குவழி என்று இன்னொருவர் பாதை போட்டார், பளைக்கு அங்கால். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிற காணி அது, மிதிவெடி எடுத்து முடியவில்லை. கண்டவுடன் அழித்தேன். "நீ யார் அழிக்க?" என்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார். நல்ல மனுசன். இப்போது டியூப் ஒட்டவும் கடைக்கு வருவதில்லை.

எல்லாவற்றையும் நான் பார்த்தபிறகுதான் விடவேண்டுமா?

தோட்டக்காரி (மாங்குளம்):

தம்பி, வாட்ஸ்அப்பில் அப்படி நிறுத்திப் பார்க்க வழியில்லை. அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டலாம், இல்லாவிட்டால் வந்தபிறகு அழிக்கலாம். முகநூல் குழுவில்தான் பதிவை முன்கூட்டியே மறிக்கலாம். அங்கே வீட்டுத்தோட்டக் குழு நடத்துகிறேன். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது ஆளுக்கொரு கரைசல் சொன்னார்கள். சவர்க்காரத் தூளைக் கரைத்து அடியுங்கள் என்றார் ஒருவர், அளவு சொல்லவில்லை. மூன்று வீட்டில் மிளகாய்க் கன்று கருகிப்போனது. அன்றிலிருந்து மறிக்கிறேன்.

ஆனால் நான் அடுப்படியில் நின்றால் பதிவும் அப்படியே நிற்கும். வெண்டிக்குப் புழு என்று காலையில் கேட்டவருக்குப் பின்னேரம்தான் பதில். குழுவா கந்தோரா என்று என் மகளே கேட்கிறாள். நம்பக்கூடிய இரண்டு பேரை அட்மினாகச் சேருங்கள்.

வவுனியா வெயில்:

எனக்கு இதில் உடன்பாடில்லை அண்ணை. பழைய நாணயம் சேர்க்கிறவர்களின் குழுவொன்றில் இருந்தேன். அட்மின் போட்ட, யாழ்ப்பாண அரசர் காலத்து 'சேது' நாணயத்தைப் பார்த்து, விளிம்பில் பொருத்துக்கோடு தெரிகிறது, வார்த்த போலி என்றார் ஒருவர். மறுநாள் அவர் குழுவில் இல்லை. பிறகு ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். இப்போது அங்கே ரோசாப்பூவும் காலை வணக்கமும்தான். மிதிவெடிப் பாதையை அழித்தது சரி. அழித்துப் பழகிய கை அதோடு நிற்குமா? எதை ஏன் அழித்தீர்கள் என்று குழுவிலேயே எழுதுங்கள்.

நந்திக்கடல் காற்று (முல்லைத்தீவு):

212 பேரையும் உங்களுக்குத் தெரியுமா? அதில் பறவை சுடுகிற வெடிக்காரனும் இருப்பான். ஊசிவால் வாத்து இறங்கினால் நான் மாவட்டத்தின் பெயர் மட்டும்தான் சொல்வேன். வனவிலங்குச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, அதை வாசித்துவிட்டா துவக்கைத் தூக்குகிறான்?

குளக்கட்டு:

முகம் தெரிந்தவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். எண்ணிப் பார்த்தபோது எனக்கே ஒருமாதிரி இருந்தது.

சரி, குழுவைப் பூட்டவில்லை. கூடு, முட்டை இருக்கிற இடத்தைப் போட்டால் அழிப்பேன், ஏன் என்று கீழே ஒரு வரி எழுதுவேன். மண்டையோட்டுப் பலகைப் பக்கம் பாதை போட்டால் முதலில் அழிப்பேன், கதையெல்லாம் பிறகு. அக்கா சொன்னபடி இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன், ஒருவர் ஓமென்றுவிட்டார்.

வவுனியாத் தம்பி, நான் பிழைவிட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். போன கிழமை சின்னக் கொக்கைப் பெரிய கொக்கு என்று போட்டேன். "அங்கிள், கறுத்தக் காலில் மஞ்சள் விரல் தெரியவில்லையா?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். அவள் இன்னும் குழுவில்தான் இருக்கிறாள்.

குழுவை விட்டுப் போனவரை நாளைக்கு வீட்டிலேயே போய்க் காணப்போகிறேன். டியூப் ஒட்டுகிற சாமானும் கொண்டுபோவேன்.