இயேசு சபைப் பள்ளியில் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். என் மகனை வரும் ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு இயேசு சபையினர் (ஜெசூட் எனப்படும் கத்தோலிக்கத் துறவியர்) நடத்தும் பள்ளி ஒன்றில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, அது எனக்குக் கவலையும் இல்லை, அவர்களுடைய கற்பித்தல் முறைதான் என்னை இழுத்தது. 1599-லேயே கல்விக்கென்று முழுத் திட்டம் வகுத்தவர்கள். 1993-ல் இன்றைய வகுப்பறைக்கு ஏற்றபடி, மாணவனின் சூழலை அறிவது, அனுபவம், அதை அசைபோடுவது, செயல், மதிப்பீடு என்று தங்கள் முறையை விளக்கி எழுதினார்கள். இதில் அசைபோடுவதுதான் உயிர் என்று நினைக்கிறேன். படித்ததைப் பற்றி ஒரு பையன் நின்று யோசிக்க நம் பள்ளிகள் பலவற்றில் நேரமே தருவதில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதும் இதெல்லாம் நடக்கிறதா, இல்லை காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, வாரத் தேர்வு என்று ஆகிவிடுகிறதா? அப்புறம், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்கிறார்கள், அதில் உண்மையில் என்ன செய்வார்கள்?

திருச்சி, திண்டுக்கல், மதுரைப் பக்கம் படித்தவர்கள், இப்போது பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள், நல்லதோ கெட்டதோ உள்ளபடி எழுதுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.