பீடி குடித்த தாத்தாவுக்கு 84, ஓடிய ஃபிக்ஸுக்கு 52: இதற்கு என்ன பதில்?

லோடு வண்டி:
எங்கள் தாத்தா நாளைக்கு ஒரு கட்டு பீடி குடித்தார். 84 வயதில்தான் போனார். ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர், ஊரையே ஓடச் சொல்லிப் புத்தகம் எழுதியவர், 1984 ஜூலையில் ஓடப் போன இடத்திலேயே மாரடைப்பில் விழுந்தார். வயது 52. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் போனபோது 46தான். வருவது வந்தே தீரும். நான் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். ராத்திரி கண் சொருகாமல் இருக்க டீயும் சிகரெட்டும்தான் துணை. அதையும் விடு என்றால் வண்டியை யார் ஓட்டுவது?

மாத்திரை டப்பா:
ஃபிக்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் அண்ணே. அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு, 43 வயதில் மரணம். ஃபிக்ஸும் 35 வயது வரை நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதியவர், உடம்பும் கனம். அப்புறம்தான் ஓட ஆரம்பித்தார். பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்கள் மோசமாக அடைத்திருந்தன. அப்பாவைவிட 9 வருடம் கூடுதலாக இருந்தாரே, அது ஓட்டத்தால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஓடியதால் செத்தார் என்பதற்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. புனித் விஷயத்தில் வெளியில் நிற்கும் நாம் காரணம் சொல்ல வேண்டாம்.

லோடு வண்டி:
சரி, அப்பாவிடமிருந்து வந்தது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்?

மாத்திரை டப்பா:
பரம்பரையே இல்லை என்று யார் சொன்னது? 2016ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 55,685 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. புகை இல்லை, பருமன் இல்லை, ஒழுங்கான உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு. இந்த நான்கில் குறைந்தது மூன்று இருப்பவர்கள் ஒரு பக்கம். ஒன்றோ அதுவும் இல்லாமலோ இருப்பவர்கள் இன்னொரு பக்கம். மரபணுவிலேயே ஆபத்து அதிகம் உள்ளவர்களிடமும் முதல் பக்கத்தாருக்கு இதய நோய் ஆபத்து 46% குறைவு. ஆக, குடும்பத்தில் நோய் இருப்பவன்தான் முதலில் சிகரெட்டைக் கீழே போட வேண்டும்.
கண் சொருகினால் ஓரம் கட்டி 20 நிமிடம் தூங்குங்கள். சிகரெட் தூக்கத்துக்கு ஈடாகாது.

நைட் டூட்டி:
நான் 20லிருந்து நாளைக்கு ஒன்றுக்கு இறங்கிவிட்டேன். இருபதில் ஒரு பங்கு ஆபத்துதானே மிச்சம்?

மாத்திரை டப்பா:
கணக்கு அப்படி வராது. 2018ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். 20 சிகரெட்டால் ஓர் ஆணுக்கு எவ்வளவு ஆபத்து கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி ஒரே சிகரெட்டிலேயே கூடிவிடுகிறது. கொஞ்சம் புகையே ரத்தத்தை உறையத் தூண்டவும் குழாயின் உள்சுவரைக் கெடுக்கவும் போதும்.

நைட் டூட்டி:
இது அநியாயம் சார். ஆறு மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பழைய கண்டக்டர்:
லண்டனில் மாடி பஸ் ஊழியர்களை வைத்து ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் செய்த ஆய்வு 1953ல் வந்தது. நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். நம் ஊர் பஸ்ஸில் மாடி இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதே எங்களுக்கு மாடிப்படி.

லோடு வண்டி:
ஐயா, டிரைவருக்கு ரோட்டு டென்ஷன். கண்டக்டருக்கு என்ன, சில்லறைத் தகராறுதானே?

பழைய கண்டக்டர்:
சில்லறைத் தகராறு'தானே'வா? தீபாவளி முதல் நாள் பையை மாட்டிக்கொண்டு ஏறிப் பாரும்.

மாத்திரை டப்பா:
அதைவிடப் பெரிய ஓட்டையை மாரிஸ் குழுவே கண்டுபிடித்தது. 1956ல் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் பேன்ட் இடுப்பு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. எல்லாவற்றையும் படிக்கட்டின் தலையில் கட்ட முடியாமல் போய்விட்டது.
ஆனால் லோடு அண்ணனுக்கு அதில் லாபமில்லை. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில்தான் சேரும். அதனால் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களின் முதல் மாரடைப்புக்குச் சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 59ஐ ஒட்டி.

லோடு வண்டி:
என் பேன்ட் 34. சென்டிமீட்டரில் 86தான். நான் பாஸ்.

பழைய கண்டக்டர்:
தம்பி, பேன்ட்டைத் தொப்பைக்கு மேலே கட்டுகிறீரா, கீழேயா?

லோடு வண்டி:
கீழேதான். எல்லோரும் அப்படித்தானே?

மாத்திரை டப்பா:
அது பேன்ட்டின் அளவு, உங்கள் அளவு இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், தொப்புளை ஒட்டி டேப் வையுங்கள். மூச்சை விட்ட பிறகு. எக்கக் கூடாது.

லோடு வண்டி:
பொள்ளாச்சி தாண்டி நிற்கிறேன். டேப் இல்லை. தார்ப்பாய்க் கயிற்றைச் சுற்றி, டூல்ஸ் பெட்டி ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். 101. பழைய கயிறு, இழுபட்டிருக்கும்.